பழைய பெரிய அளவு ஃபுட்பால் கார்டுகள்: 1965 டாப்ஸ் ‘டால் பாய்’ செட்டைச் சேர்க்க ஒரு முழு வழிகாட்டி

இது அமெரிக்க ஃபுட்பால் கார்டுகளை, அதாவது வீரர்களின் படம் அச்சிட்டுச் சேகரிப்பதற்காக வெளியான அட்டைகளைப் பற்றியது. அதிலும் வழக்கமான 2½ × 3½ அங்குல அளவில் அடங்காத, 1950 முதல் 1970 வரையிலான பெரிய கார்டுகளைப் பற்றி மட்டும். கார்டு கண்காட்சிகளில் புதிதாக வருகிறவர்களைக் கவனித்தால், பெரும்பாலோர் கடைசியில் வாங்க வேண்டிய கார்டை முதலில் வாங்கிவிடுகிறார்கள். அது வீட்டுக்கு வந்த பிறகுதான் எதில் வைப்பது என்று தேடுகிறார்கள். அசலா என்று ஒப்பிட்டுப் பார்க்கவும் கையில் வேறு கார்டு இருக்காது. அதனால் இங்கே சொல்லியிருக்கும் வரிசையை மாற்றாமல் போங்கள். அவசரம் என்றால் ஐந்தாவது பகுதியையாவது முழுசாகப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

1. ஒரே ஒரு செட்டைத் தேர்ந்தெடுங்கள்

“பெரிய கார்டு எது கிடைத்தாலும் வாங்குவேன்” என்று ஆரம்பித்தால் உறை, ஆல்பம், விலை அறிவு என்று எல்லாமே மூன்று மடங்கு வேண்டியிருக்கும். ஒவ்வொரு செட்டும் ஒவ்வொரு அளவு. புதியவர் கண்ணில் அதிகம் படுபவை இந்த மூன்று.

1965 டாப்ஸ் (டாப்ஸ், போமேன் இரண்டும் கார்டு வெளியிட்ட நிறுவனங்கள்): 2½ × 4 11/16 அங்குலம், அதாவது சுமார் 63.5 × 119 மி.மீ. சேகரிப்பவர்கள் ‘டால் பாய்’ (உயரமான பையன்) என்று சொல்வது இதைத்தான். 176 கார்டுகள். எல்லாமே ஏ.எஃப்.எல். என்ற லீக்கின் அணிகள். அந்தச் சமயத்தில் அதன் போட்டி லீக்கான என்.எஃப்.எல். வீரர்களை அச்சிடும் உரிமம் பிலடெல்பியா கம் நிறுவனத்திடம் இருந்தது. ஆகவே என்.எஃப்.எல். நட்சத்திரங்களான ஜிம் பிரவுன் எங்கே, ஜானி யூனிடாஸ் எங்கே என்று இந்த செட்டில் தேடாதீர்கள், இருக்க மாட்டார்கள்.

1952 போமேன், பெரிய அளவு: 2½ × 3¾ அங்குலம், 144 கார்டுகள். ஓவியமாக வரையப்பட்டவை, பார்க்க மிக அழகு. ஆனால் அதே ஆண்டில் அதே படங்களைச் சிறிய அளவிலும் (2 1/16 × 3⅛ அங்குலம்) போமேன் வெளியிட்டது. படத்தில் மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. விற்பவர் அளவு போடவில்லை என்றால் கேட்காமல் வாங்கக் கூடாது.

1970 டாப்ஸ் சூப்பர்: 3⅛ × 5¼ அங்குலம், வெறும் 35 கார்டுகள், தடித்த அட்டை. சீக்கிரம் ஒரு செட்டை முடித்த திருப்தி வேண்டும் என்பவர்களுக்கு இது சரி.

என் பரிந்துரை 1965 டாப்ஸ். நட்சத்திரங்களை ஒதுக்கிவிட்டால் மற்ற கார்டுகள் நடுத்தர நிலையில் கட்டுப்படியாகும் விலைக்குக் கிடைக்கின்றன, சந்தையிலும் எப்போதும் இருக்கின்றன. 1952 போமேனை முதல் செட்டாக எடுக்க வேண்டாம். அதில் ஒன்பதால் வகுபடும் எண்களும் அவற்றுக்கு அடுத்த எண்களும் (9, 10, 18, 19, 27, 28 என்று) குறைவாக அச்சானவை. செட்டின் கடைசி கார்டான 144, ஜிம் லான்ஸ்ஃபோர்டு, அச்சுத்தாளின் மூலையில் இருந்ததால் நேராக வெட்டப்பட்டுக் கிடைப்பதே அபூர்வம். பெயர் தெரியாத ஒரு வீரருக்காக நட்சத்திர விலை கொடுக்க முதல் வருடத்திலேயே யாருக்கும் மனசு வராது.

இனி வருவதெல்லாம் 1965 டாப்ஸை வைத்துத்தான். அளவை மாற்றிக்கொண்டால் மற்ற இரண்டுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

2. கார்டு வருவதற்கு முன் வீட்டில் இருக்க வேண்டியவை

முதலில் உறைகள். சாதாரண கார்டுக்கான ஸ்லீவிலும் (மெல்லிய பிளாஸ்டிக் உறை) டாப்லோடரிலும் (கெட்டியான பிளாஸ்டிக் உறை) டால் பாய் நுழையும், ஏனென்றால் அகலம் ஒன்றுதான். ஆனால் மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டு நிற்கும். “இப்போதைக்கு இருக்கட்டும்” என்று அப்படியே வைத்து, மேல் மூலைகள் இரண்டையும் மடக்கிக்கொண்டவர்கள் ஏராளம். வாங்கும்போது 2½ × 4 11/16 என்று அளவு எழுதியிருக்கும் மெல்லிய ஸ்லீவும் டாப்லோடரும் கேட்டு வாங்குங்கள்.

ஆல்பமாக வைப்பதென்றால் பக்கத்துக்கு ஆறு பை உள்ள தாள் வேண்டும். ஒவ்வொரு பையும் 2½ × 5¼ அங்குலம். வழக்கமான ஒன்பது பைத் தாள் உதவாது. 176 கார்டுக்கு 30 தாள் ஆகும். ஒரே பையில் முதுகோடு முதுகாக இரண்டு கார்டு வைத்துத் தாளை மிச்சம் பிடிக்காதீர்கள். எடுக்கும்போதும் வைக்கும்போதும் ஒன்றன் மூலை மற்றதில் இடிக்கும்.

உறை எந்தப் பிளாஸ்டிக் என்று பாருங்கள். பாலிப்ராப்பிலீன், பாலிஎத்திலீன், பாலியெஸ்டர் மூன்றும் பரவாயில்லை. பி.வி.சி. வேண்டாம். அதை மிருதுவாக்கச் சேர்க்கும் ரசாயனம் காலப்போக்கில் கசிந்து கார்டின் மேல் எண்ணெய்ப் பிசுக்காகப் படியும். பழைய ஆல்பத்தைத் திறந்ததும் காட்டமாக ஒரு பிளாஸ்டிக் வாடை வந்தால் அது பெரும்பாலும் பி.வி.சி.தான்.

அப்புறம் கருவிகள்: பத்து மடங்கு பெரிதாக்கும் லூப், மில்லிமீட்டர் கோடு தெளிவாக உள்ள அளவுகோல், தலையைத் திருப்பக்கூடிய ஒரு மேஜை விளக்கு. புறஊதா டார்ச் இருந்தால் நல்லது, கட்டாயமில்லை. கையுறை தேவையில்லை. கையைக் கழுவித் துடைத்துவிட்டு ஓரங்களைப் பிடித்தால் போதும். கையுறை போட்டால் விரலுக்குப் பிடி தெரியாமல் கார்டைக் கீழே போடுகிறவர்கள்தான் அதிகம்.

3. பட்டியலும் தரமும்: இரண்டையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள்

176 எண்களையும் ஒரு விரிதாளில் போடுங்கள். எண், பெயர், அணி, நிலை, கொடுத்த விலை, வாங்கிய தேதி என்று ஆறு நிரல் போதும். தபால் செலவையும் விலையோடு சேர்த்தே எழுதுங்கள். மலிவான கார்டுகளில் தபால்தான் பாதிச் செலவு என்பது அப்போதுதான் உறைக்கும்.

இந்த செட்டின் வரிசை எளிது. அணிகள் நகரத்தின் ஆங்கிலப் பெயர் வரிசையில் வரும்: பாஸ்டன், பஃபலோ, டென்வர், ஹூஸ்டன், கான்சஸ் சிட்டி, நியூயார்க், ஓக்லண்ட், சான் டியேகோ. அணிக்குள் வீரர்கள் குடும்பப் பெயர் வரிசையில். 87ஆம் எண்ணும் 176ஆம் எண்ணும் வீரர்கள் அல்லர், செட்டின் எண்களையும் பெயர்களையும் பட்டியலிடும் செக்லிஸ்ட் கார்டுகள். சிறுவர்கள் பேனாவால் கட்டம் நிரப்பிய கார்டுகள் இவை. கோடு விழாத செக்லிஸ்ட் கிடைப்பது கஷ்டம், விலையும் அதற்கேற்றபடி இருக்கும். இந்த இரண்டையும் ‘மீதி’ என்று ஒதுக்கிவைத்துவிட்டுக் கடைசியில் திண்டாடுகிறவர்கள் நிறைய. பட்டியலின் தலையிலேயே சிவப்பில் எழுதிவிடுங்கள்.

அடுத்தது ‘எஸ்.பி.’, அதாவது குறைவாக அச்சானது என்ற குறிப்பு. விற்பனை விளம்பரங்களில் இதைப் பார்த்ததும் புதியவர்கள் பரபரப்பாகிவிடுவார்கள். இந்த செட்டில் 176 கார்டுகளில் 132 எஸ்.பி.! முக்கால்வாசி. அதிகமாக அச்சானவை மீதி 44தான். ஆகவே எஸ்.பி. என்பதற்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். உயர்ந்த நிலையில் உள்ள கார்டுகளில்தான் இந்த வித்தியாசம் விலையில் பெரிதாகத் தெரியும். மூலை மழுங்கிய கார்டுகளில் அவ்வளவாக இல்லை.

எந்த நிலையில் சேர்ப்பது என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். தர அளவு 1 முதல் 10 வரை. இங்கே ஒரு பொறி இருக்கிறது: இந்தத் தொழிலில் ‘குட்’ என்றால் பத்துக்கு 2. ‘வெரி குட்’ என்றால் 3. ‘எக்ஸலென்ட்’ என்பதே 5தான். ‘குட் கண்டிஷன்’ என்று படித்து நல்ல கார்டு என்று நம்பி வாங்கி, மூலை நான்கும் உருண்டு நடுவில் மடிப்போடு வந்ததைப் பார்த்து விற்றவரிடம் சண்டைக்குப் போவார்கள். அவர் பொய் சொல்லவில்லை.

4 அல்லது 5 நிலையை இலக்காக வையுங்கள் என்பேன். மடிப்பு இருந்தாலும் லேசாகத்தான் இருக்கும், நிறம் நன்றாக இருக்கும், மூலைகள் கொஞ்சம் தேய்ந்திருக்கும். ஒரு செட் முழுக்க ஒரே நிலையில் இருந்தால் ஆல்பத்தைப் புரட்டும்போதே அழகு. பாதி 7, பாதி 2 என்று கலந்தால் நல்ல கார்டுகளும் சேர்ந்து எடுபடாமல் போகும்.

4. முதல் கொள்முதல்: யாருக்கும் தெரியாத நாலைந்து வீரர்கள்

முதலில் வாங்க வேண்டியது இந்த செட்டின் நட்சத்திரங்களான ஜோ நமத் இல்லை, லான்ஸ் ஆல்வொர்த்தும் இல்லை. பெயர் கேள்விப்படாத தற்காப்பு ஆட்டக்காரர்கள் நாலைந்து பேரை, திருப்பி எடுத்துக்கொள்ளும் நம்பகமான ஒரு பழைய கார்டு வியாபாரியிடம் வாங்குங்கள். மலிவான கார்டை யாரும் போலியாக அச்சடிப்பதில்லை. அச்சுச் செலவுக்கே கட்டாது. ஆகவே அவை அசலாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

மூலை மழுங்கியிருந்தாலும் பரவாயில்லை, ஆனால் ஓரம் வெட்டப்படாமல் முழு அளவில் இருக்க வேண்டும். இவைதான் இனி உங்கள் ஒப்பீட்டுக் கார்டுகள். அட்டையின் தடிமன், பின்பக்கத்தின் நிறம், ஓரத்தின் சொரசொரப்பு, லூப்பில் தெரியும் புள்ளிகளின் அமைப்பு எல்லாவற்றையும் இவற்றில் பார்த்துப் பழகுங்கள். இணையத்தில் எத்தனை படம் பார்த்தாலும், அசல் கார்டு விரலிடுக்கில் எப்படி இருக்கும் என்பது தெரியாது.

5. கார்டைப் பரிசோதிக்கும் வரிசை

வரிசை முக்கியம். முதல் சோதனையில் தோற்ற கார்டை மேற்கொண்டு பார்க்க வேண்டியதே இல்லை.

*அளவு.* நாலு பக்கமும் அளக்க வேண்டும். மேல் அகலத்தையும் கீழ் அகலத்தையும் தனித்தனியாக, இடது உயரத்தையும் வலது உயரத்தையும் தனித்தனியாக. ஓரம் வெட்டியவர்கள் பெரும்பாலும் ஒரு பக்கத்தை மட்டும்தான் சீவியிருப்பார்கள். அப்போது கார்டு லேசாகக் கோணலாக இருக்கும். தொழிற்சாலையிலேயே அரை மில்லிமீட்டர் அளவுக்கு ஏற்ற இறக்கம் உண்டு, அதற்குப் பயப்பட வேண்டாம். உலோகக் காலிப்பரால் கார்டின் ஓரத்தைக் கவ்வாதீர்கள், பள்ளம் விழும். அளவுகோலின் மேல் கிடத்திப் பாருங்கள், அல்லது உங்கள் ஒப்பீட்டுக் கார்டோடு முதுகோடு முதுகாகச் சேர்த்து மேஜையில் நிறுத்திப் பாருங்கள்.

பெரிய கார்டுகளில் இந்தச் சோதனை மற்றவற்றை விட அவசியம். அன்றைய சிறுவர்களின் ஷூ பெட்டியிலும் ஆல்பத்திலும் அடங்காததால் நேராகக் கத்தரிக்கோலால் குட்டையாக்கப்பட்ட டால் பாய்கள் உண்டு. அது கண்ணுக்கே தெரியும். மழுங்கிய மூலையைக் கூராக்க ஒரு மில்லிமீட்டர் மட்டும் சீவிய கார்டுதான் ஆபத்து.

*ஓரம்.* கார்டைக் கண்ணுக்கு நேராக, பக்கவாட்டில் பிடித்து லூப்பில் பாருங்கள். அறுபது வருடம் ஆன ஓரம் லேசாகப் பழுப்பேறி, நார் நாராக இருக்கும். மூன்று ஓரம் பழுப்பாகவும் ஒன்று மட்டும் வெளுப்பாகவும் மழமழவென்றும் இருந்தால் அது வெட்டிய ஓரம். மூலையை வைத்தும் கண்டுபிடிக்கலாம்: நடு ஓரம் தேய்ந்திருக்கும்போது மூலை மட்டும் ஊசி போல் எப்படி இருக்கும்?

*முன்பக்கம், சாய்ந்த வெளிச்சத்தில்.* அறை விளக்கை அணைத்துவிட்டு மேஜை விளக்கைக் கார்டின் பக்கவாட்டிலிருந்து அடியுங்கள். கார்டை மெதுவாகத் திருப்புங்கள். 1965 செட்டில் வீரரின் பின்னணி ஒரே நிறம். அதில் நேர் வெளிச்சத்தில் தெரியாத மெல்லிய சுருக்கம் சாய்ந்த வெளிச்சத்தில் கோடாக மின்னும். கண்ணுக்குத் தெரியாத ஒரு சுருக்கம் 7 என்று நினைத்த கார்டை 4க்கு இறக்கிவிடும். இதே பின்னணியில் சின்ன வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அவை அச்சின்போது தூசி விழுந்ததால் வந்தவை. குறைதான், ஆனால் யாரும் கைவைத்ததற்கான அடையாளம் அல்ல.

உயரத்தில் நடுப்பகுதியை, இடது ஓரமும் வலது ஓரமும், தனியாகப் பாருங்கள். கார்டுகளை அடுக்கி ரப்பர் பேண்டு போட்டு வைத்ததால் அந்த இடத்தில் சின்ன வெட்டு போன்ற பள்ளம் இருக்கும். நீளமான கார்டு என்பதால் பேண்டை இறுக்கினால் நடுவில் வளையவும் செய்யும். விற்பவர் படத்தில் இது பெரும்பாலும் தெரியாது.

*அச்சு.* லூப்பை எழுத்தின் மேல் வையுங்கள். அசல் கார்டில் கறுப்பு எழுத்துகள் புள்ளி இல்லாமல் ஒரே மையாக, விளிம்பு தெளிவாக இருக்கும். படப் பகுதியில் மட்டும்தான் வண்ணப் புள்ளிகள். கார்டை ஸ்கேன் செய்து மறுபடி அச்சடித்தால் எழுத்தும் சேர்ந்து புள்ளி புள்ளியாக உடையும். நான் பார்த்தவரையில் பெரும்பாலான போலிகள் இந்த ஒரு சோதனையிலேயே மாட்டிக்கொள்கின்றன. புறஊதா டார்ச் இருந்தால் உங்கள் ஒப்பீட்டுக் கார்டையும் சந்தேகக் கார்டையும் பக்கத்தில் வைத்து அடியுங்கள். புதுக் காகிதத்தில் வெண்மைக்காகச் சேர்க்கும் ரசாயனம் நீல வெள்ளையாகப் பளிச்சிடும். இரண்டும் ஒரே மாதிரி தெரிந்தால் மட்டும் அசல் என்று முடிவு கட்டிவிட முடியாது. ஒன்று மட்டும் பளிச்சிட்டால் விலகிவிடலாம்.

*பின்பக்கம்.* பபுள் கம் ஒட்டிய கறை, உறையின் மெழுகு, ஆல்பத்தில் பசை போட்டு ஒட்டிப் பிய்த்த அடையாளம், பேனா எழுத்து. கடைசி இரண்டும் தரத்தை ஒரேயடியாக இறக்கும். ‘ரீப்ரின்ட்’ என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்ததைச் சுரண்டியெடுத்து விற்பவர்களும் உண்டு. பின்பக்கக் கீழ் ஓரத்தில் அட்டை மெலிந்து சொரசொரப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

*நடுமை.* படம் கார்டின் நடுவில் அமைந்திருக்கிறதா என்பது இது. வெள்ளை ஓரம் இடப்பக்கம் 3 மி.மீ., வலப்பக்கம் 2 மி.மீ. என்றால் 60/40. மேல் கீழும் அப்படியே கணக்குப் போடலாம். நடுமையில் தவறிய கார்டு விலை குறைவாக வரும். ஆல்பத்தில் வைத்துப் பார்ப்பதற்கு மட்டும் சேர்ப்பவருக்கு நல்ல பேரம் இங்கேதான் கிடைக்கும். மூலையும் நிறமும் நன்றாக இருந்து நடுமை மட்டும் 75/25 என்றால் நான் யோசிக்காமல் எடுப்பேன்.

6. விலையை எங்கே பார்ப்பது

கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்ற விலையைப் பாருங்கள். ஈபேயில் தேடிய பிறகு ‘விற்றவை’ என்ற வடிகட்டியைப் போட்டால் சமீபத்திய மூன்று மாத விற்பனை வரும். பேரம் பேசி முடிந்தவற்றில் ஈபே கோடு போட்ட பழைய விலையையே காட்டும். உண்மையில் கை மாறிய தொகையைப் பார்க்க 130பாயின்ட் என்ற தளம் உதவும்.

ஒரே ஒரு விற்பனையை வைத்து முடிவு செய்யாதீர்கள். அதே எண், அதே நிலை, குறைந்தது நாலைந்து விற்பனையாவது பார்த்து நடு விலையை எடுங்கள். தர நிறுவனம் சோதித்து எண் கொடுத்து மூடிய பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருக்கும் 5ஆம் நிலைக் கார்டின் விலையை, விற்பவர் தானே ‘எக்ஸலென்ட்’ என்று எழுதிய தனிக் கார்டுக்குக் கொடுப்பது அடிக்கடி நடக்கும் தவறு. தனிக் கார்டுக்கு ஒன்றிரண்டு படி கீழே வைத்துக் கணக்கிடுங்கள்.

ஏல நிறுவனங்களில் வாங்கினால் ஏலம் கேட்ட தொகைக்கு மேல் வாங்குபவர் கட்டணம் தனியாக உண்டு, ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோகூட. அதைச் சேர்த்த பிறகு என் உச்சவரம்பு என்ன என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டு கேளுங்கள்.

7. இணையத்தில் வாங்கும்போது

விற்பவரிடம் மூன்று கேள்வி: நாலு பக்கமும் எத்தனை மில்லிமீட்டர்? மடிப்போ சுருக்கமோ இருக்கிறதா? உறையிலிருந்து வெளியே எடுத்து, சாய்த்துப் பிடித்த ஒரு படம் அனுப்ப முடியுமா? நேர்மையான வியாபாரி மூன்றுக்கும் அன்றைக்கே பதில் சொல்வார். “படத்தைப் பார்த்து நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்” என்று வந்தால், நானாக இருந்தால் நகர்ந்துவிடுவேன்.

பணம் அனுப்பும்போது பேபாலில் ‘நண்பர்களுக்கு’ என்ற வழியில் அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள். கட்டணம் மிச்சம்தான், ஆனால் தகராறு என்றால் பணம் திரும்பி வராது.

உறையிடுவது எப்படி என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்: ஸ்லீவ், அதற்கு மேல் சரியான உயரமுள்ள டாப்லோடர், இரண்டு பக்கமும் கெட்டி அட்டை, வெளியே குமிழி உறை. வழக்கமான கார்டு விற்பவர்களிடம் உயரமான டாப்லோடர் இருக்காது. குட்டை டாப்லோடரில் திணித்து மேல்பகுதியை டேப்பால் ஒட்டி அனுப்பிவிடுவார்கள். “உயரமான உறை இல்லையென்றால் இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவே வைத்து அனுப்புங்கள், போதும்” என்று எழுதினால் பெரும்பாலும் கேட்பார்கள்.

வந்ததும் பிரிக்கும்போது படம் எடுங்கள். ஐந்தாவது பகுதிச் சோதனையை அன்றைக்கே முடியுங்கள். திருப்பி அனுப்பும் அவகாசம் முடிந்த பிறகு பார்த்துப் பிரயோசனமில்லை.

8. எந்த வரிசையில் நிரப்புவது

ஒரு லாட்டோடு ஆரம்பிப்பது சிக்கனம். நாற்பது ஐம்பது சாதாரண கார்டுகள் ஒன்றாக விற்பனைக்கு வரும்போது ஒரு கார்டுக்கு ஆகும் விலையும் தபாலும் வெகுவாகக் குறையும். லாட்டில் நட்சத்திரங்கள் இருக்கிறார்களா என்று பார்க்காதீர்கள். இருந்தால் அவர்களுக்குத்தான் விலை கொடுப்பீர்கள், மற்றதெல்லாம் தேய்ந்ததாக இருக்கும். நிலை ஒரே சீராக இருக்கிறதா என்று பாருங்கள்.

பாதி செட் வந்ததும் தனித்தனியாகத் தேடுங்கள். இரட்டிப்பாகச் சேர்ந்தவற்றைக் கண்காட்சிகளில் மாற்றிக்கொள்ளலாம். இந்த இடத்தில்தான் 87, 176 செக்லிஸ்ட்களைத் தேட ஆரம்பிக்க வேண்டும். 1ஆம் எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுக்கின் முதலும் கடைசியும் எல்லா அடியையும் வாங்கியவை, நல்ல நிலையில் கிடைக்க நேரமெடுக்கும்.

அதற்குப் பிறகு இரண்டாம் வரிசை நட்சத்திரங்கள். பஃபலோவின் ஜாக் கெம்ப் (35), டென்வரின் வில்லி பிரவுன் (46), ஹூஸ்டனின் ஜார்ஜ் பிளாண்டா (69), கான்சஸ் சிட்டியின் லென் டாசன் (99), ஓக்லண்டின் ஃப்ரெட் பிலெட்னிகாஃப் (133), சான் டியேகோவின் லான்ஸ் ஆல்வொர்த் (155). இவர்களில் பிரவுனுக்கும் பிலெட்னிகாஃபுக்கும் இது ரூக்கி கார்டு (வீரரின் முதல் கார்டு), அதனால் விலை கூடுதல். கெம்ப் 1996இல் துணை ஜனாதிபதி வேட்பாளராக நின்றவர் என்பதால் அரசியல் பொருள் சேகரிப்பவர்களும் போட்டிக்கு வருவார்கள். பிளாண்டா 48 வயது வரை ஆடிய மனிதர். எனக்கு இந்த செட்டிலேயே பிடித்த கார்டு அது, விலையும் அவ்வளவு கடுமையில்லை.

முடிந்தால் மார்ச்சிலிருந்து ஜூலைக்குள் வாங்குங்கள். செப்டம்பரில் சீசன் தொடங்கியதும் ஆளும் சேரும், விலையும் ஏறும்.

9. தரம் போட அனுப்பலாமா?

சாதாரண கார்டுகளுக்கு வேண்டாம். பி.எஸ்.ஏ., எஸ்.ஜி.சி., பெக்கெட் என்ற தர நிறுவனங்களில் யாரிடம் அனுப்பினாலும் கட்டணமும் தபாலும் காப்பீடும் சேர்ந்து கார்டின் விலையைத் தாண்டிவிடும். விலையுயர்ந்த கார்டை விற்கப்போகிறீர்கள், அல்லது வெட்டப்பட்டதா என்ற சந்தேகம் தீர வேண்டும் என்றால் அனுப்பலாம்.

அனுப்பும்போது கெட்டி டாப்லோடரில் வைக்காமல், வளையக்கூடிய அரைக்கெட்டி உறையில் வையுங்கள். அங்கே கார்டை வெளியே எடுக்கும்போது சேதம் வராமலிருக்க அவர்கள் விரும்புவது இதைத்தான். டால் பாய் என்றால் அரைக்கெட்டி உறையும் பெரிய அளவுதான். திரும்பி வரும் கூடும் வழக்கத்தை விட உயரம்; ஏற்கெனவே கையிலிருக்கும் கூட்டுப் பெட்டியில் அடங்காது.

நடுமை தவறியது, பேனா எழுத்து, கறை போன்றவற்றுக்கு பி.எஸ்.ஏ. எண்ணோடு ஓர் எழுத்துக் குறிப்பைச் சேர்க்கும். குறிப்போடு உள்ள 7, வெறும் 7இன் விலைக்கு விற்காது. செக்லிஸ்ட் வாங்கும்போது கூட்டின் மேல் சீட்டில் இந்தக் குறிப்பு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்; பேனாக் குறி உள்ளது என்பதற்கு அங்கே எம்.கே. என்று இருக்கும்.

10. 122ஆம் எண்: ஜோ நமத்

செட்டின் மொத்த விலையில் பெரும்பங்கை இந்த ஒரு கார்டே விழுங்கும். நமத்தின் ரூக்கி கார்டு, 1969 ஜனவரியில் மூன்றாவது சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தில் அவருடைய நியூயார்க் ஜெட்ஸ் அணி பால்டிமோர் கோல்ட்ஸை 16–7 என்று தோற்கடித்ததால் என்றைக்கும் தேவை குறையாத கார்டு. அதனாலேயே இந்த செட்டில் அதிகம் போலி செய்யப்படுவதும் இதுதான்.

இங்கே என் விதி கண்டிப்பானது: பெரிய தர நிறுவனத்தின் கூட்டுக்குள் இல்லாத நமத்தை முதல் தடவை வாங்குகிறவர் தொடக் கூடாது. வெட்டப்பட்டது என்பதால் எண் தராமல் ‘அசல்’ என்று மட்டும் சான்று தரப்பட்ட நமத்தும் சந்தையில் உண்டு. படம் சுத்தமாக இருக்கும், விலை வெகு குறைவு. செட்டை முடிப்பது மட்டுமே நோக்கம் என்றால் இது மோசமான யோசனை இல்லை. ஆனால் விற்கும்போதும் அதே குறைவான விலைதான் கிடைக்கும் என்று தெரிந்து வாங்குங்கள்.

கூட்டையே போலி செய்கிறவர்களும் இருக்கிறார்கள். சீட்டில் உள்ள சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே வரும் விவரமும், படம் இருந்தால் அதுவும் கையிலுள்ள கார்டோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். நடுமை, அச்சுப் புள்ளி, ஓரக் கறை ஆகிய மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

11. வைப்பதும் மிச்சத்தை விற்பதும்

வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கும். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் வரை இருந்தால் நல்லது. சென்னை, சிங்கப்பூர் போன்ற ஊர்களில் வைத்திருப்பவர்கள் மூடி இறுகும் பெட்டியில் சிலிக்கா ஜெல் பை போட்டு, சின்ன ஈரமானி ஒன்றையும் உள்ளே வையுங்கள். நீளமான அட்டை என்பதால் ஈரம் ஏறினால் வில் போல வளையும். வளைந்ததை நிமிர்த்தப் புத்தகத்துக்கு அடியில் வைத்து அழுத்தினால் மேற்பரப்பில் விரிசல் விழ வாய்ப்புண்டு. உலர்ந்த பெட்டியில் சில வாரம் விட்டாலே பெரும்பாலும் தானாக நிமிரும்.

ஆல்பத்தை அலமாரியில் நிறுத்தி வையுங்கள், ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்க வேண்டாம். வளையங்கள் வட்டமாக இல்லாமல் ஆங்கில ‘டி’ வடிவில் உள்ள பைண்டர் நல்லது. வட்ட வளையம் முதல் தாளின் கார்டுகளை உள் ஓரத்தில் கடிக்கும்.

இரட்டிப்பாக வந்தவற்றை விற்கும்போது அளவை மில்லிமீட்டரில் எழுதி, சாய்ந்த வெளிச்சப் படத்தையும் சேர்த்துப் போடுங்கள். கார்டு திரும்பி வருவது குறையும், கேள்விகளும் குறையும். உயரமான டாப்லோடர்கள் சிலவற்றைக் கூடுதலாக வாங்கி வைத்திருங்கள், அவை அவசரத்துக்குக் கடையில் கிடைப்பதில்லை.